பொட்டு வைத்த தார்க்கட்டை

ரோடு உடைந்தால் யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்பதற்கு அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. புத்தகத்தில் அதற்கு முழ நீளப் பெயர். ஜனங்கள் அதைக் கடைசிச் சக்கரச் சட்டம் என்றார்கள். புதுச் சரக்குச் சாலைகளின் வயிற்றுக்குள் அரிசிமணி அளவில் லட்சக்கணக்கான உணர்விகளைக் கலந்திருந்தார்கள். தன் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு கனத்த சக்கரத்தையும் ரோடே எண்ணிக்கொள்ளும். இத்தனை லட்சம் தாங்கும் என்று சோதனைக் கூடம் முன்கூட்டியே சான்று கொடுத்திருக்கும். அந்த எண்ணிக்கையைத் தாண்டியும் புதுப்பிக்காமல் விட்டு ரோடு உடைந்தால் போட்ட கம்பெனி பொறுப்பு. அதற்கு முன்னால் உடைந்தால், உடைந்த நேரத்தில் எந்த வண்டியின் சக்கரம் மேலே இருந்ததோ அந்த டிரைவர் குற்றவாளி. நல்ல ரோடு தானாக உடையாதாம். அவன்தான் ஏதோ செய்திருக்க வேண்டுமாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஏழாம் சரக்குச் சாலையில் அந்த ஆண்டி இசக்கியப்பன். மினி பஸ் டிரைவர். ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது, கால்வாய் ஓரம் ரோடு அப்பளமாக நொறுங்கி உள்ளே இறங்கியது. பஸ் தண்ணீரில் சாய்ந்தது. மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். இசக்கியப்பன் ஒற்றைக் கையால் பதினோரு பேரை வெளியே இழுத்துப் போட்டான். மற்றக் கை ஒடிந்திருந்தது. கட்டுப்போட்ட கையோடு அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்கு முன்னால் அன்று காலை மட்டும் நாற்பது டன் லாரிகள் நூறாவது போயிருக்கும். அவையெல்லாம் கடைசிச் சக்கரம் இல்லையே.

ஒரு மாதம் கழித்து அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் சோதனைக் கூடத்தின் வாசலில் வந்து நின்றாள். திருநெல்வேலிக்குத் தெற்கே புறவழிச் சாலையோரம் இருந்த அந்தக் கூடத்தில் வடிவு பதினெட்டு வருஷமாக டெக்னீசியன். ஏழாம் சாலையின் சான்றுக்கான சோதனையைச் செய்தது அவள் கைதான். வாட்ச்மேன் தடுத்தும் கேளாமல் பேச்சித்தாய் உள்ளே வந்து, "வடிவுங்கது யாரு?" என்றாள்.

"நான்தான். நீங்க?"

"ரோட்டை ஒடைச்ச கொலைகாரன் பொண்டாட்டி. பேப்பர்ல அப்படித்தானே போட்டுருக்கு. எக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த ரோடு எத்தனை தாங்கும்னு நீங்க எழுதினீய?"

"இருபத்திரண்டு லட்சம்."

"ஒடையும்போது எத்தனை ஓடியிருந்துச்சு?"

வடிவுக்கு அது தெரியும். எல்லாருடைய போனிலும் தெரியும் எண் அது. "பதினாலு லட்சத்து ரெண்டாயிரம்" என்றாள்.

"அப்ப மிச்சம் எட்டு லட்சத்தை எம் வீட்டுக்காரரு ஒத்தையாளா முழுங்கிட்டாராக்கும்? பதினேழு பேரு இருந்த பஸ்ஸை வச்சு?" பேச்சித்தாயின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "நீங்க எழுதினது சரின்னா அவரு பத்து வருஷம் உள்ள கெடப்பாரு. தப்புன்னா வெளிய வருவாரு. சரியான்னு ஒருதடவ பாத்துச் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

என் வேலையிலேயே குறை சொல்ல வந்துவிட்டாள் என்று வடிவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு எண்ணைக் கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதில்லை. அதை நிரூபிக்கும் ரோஷத்தில்தான் மறுபடி சோதித்துப் பார்க்க இறங்கினாள்.

சோதனை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த தாரும் ஜல்லியும், அதற்கு ரோடு போடும் நவபாதை கம்பெனி கலக்கும் புத்துயிர் என்ற எண்ணெயும் சேர்த்துக் கட்டையாக வார்ப்பார்கள். முழங்கை நீளம், செங்கல் கனம். ஊரில் அந்த ரோடுகளை மறுபிறவி ரோடு என்பார்கள். கட்டையை மெஷினில் பூட்டினால் அது விநாடிக்கு எட்டுத் தரம் வளைத்து வளைத்து விடும். ஒவ்வொரு வளைப்பும் ஒரு சக்கரம் ஏறி இறங்கியதற்குச் சமம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுதான் மொத்த விஞ்ஞானமும். கட்டை களைத்துப்போய் எத்தனையாவது வளைப்பில் உடைகிறது என்று திரையில் எண் ஓடும். கூடத்தில் அதற்குக் களைப்பு டெஸ்ட் என்று பெயர்.

ஏழாம் சாலைக்காக நாலு வருஷம் முன்பு வார்த்த கட்டைகளில் மூன்று சேமிப்பு அறையில் மிச்சம் இருந்தன. மூன்று மெஷினிலும் பூட்டி ஓட்டினாள். இரண்டு நாள் தாண்டியதும் மூன்றும் உடைந்தன. பதினாலு லட்சம், பதிமூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம், பதினாலு லட்சத்து ஐயாயிரம்.

வடிவு மெஷினைத் திட்டினாள். அளவுக் கருவிகளைக் கழற்றி மாட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அதே அறையிலிருந்து அன்றைக்கு இருபத்திரண்டு லட்சம் தாங்கிய கட்டையின் உடைந்த துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். ஒட்டியிருந்த தூசியைத் துடைத்ததும் அவள் கை நின்றது. கட்டையின் நடு வயிற்றில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோயிருந்தன. அவள் வைத்த பொட்டு.

ஆயுத பூஜை! அந்தச் சோதனை ஓடிக்கொண்டிருந்த நடுவில் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு மெஷின் ஓடக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு மூன்றையும் நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்து, உள்ளே பூட்டியிருந்த கட்டைக்கும் பாரபட்சம் பார்க்காமல் ஒரு பொட்டு வைத்தாள். விஜயதசமி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பொத்தானை அழுத்தியதும் எண் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அறிக்கைப் படிவத்தில் வெப்பத்துக்குக் கட்டம் உண்டு, ஈரப்பதத்துக்குக் கட்டம் உண்டு. ஆயுத பூஜைக்குக் கட்டம் கிடையாது. அவளும் எழுதவில்லை.

துண்டை வாள் மெஷினில் கொடுத்துக் குறுக்கே அறுத்தாள். அறுத்த முகத்தில், உடைந்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி, தாருக்குள் மயிரிழையாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பூஜையன்று அங்கே விரிசல் இருந்திருக்கிறது. ஈரக் குங்குமம் அதற்குள் இறங்கியிருக்கிறது. நாலு நாள் ஓய்வில் புத்துயிர் எண்ணெய் விரிசலை மூடிக் கட்டையைப் புதுசாக்கியிருக்கிறது. குங்குமம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி சுட்டது. மூன்று பெண்கள். பேர்கூட அவளுக்குத் தெரியாது.

இயக்குநர் நல்லபெருமாள் சிவப்புக் கோட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுதா சார்? ஓய்வு கெடைச்சா இருபத்திரண்டு. கெடைக்காட்டி பதினாலு. அந்த ரோட்டுக்கு எவன் சார் நாலு நாள் ஓய்வு குடுத்தான்? ராத்திரி பகலா லாரி ஓடுது."

"சரி, மெஷினை யாரு நிறுத்தினது?"

"நான்தான்."

"எழுதாம விட்டது?"

"நான்தான். அதைத்தான் எழுதிக் குடுப்போம்னு சொல்லுதேன்."

"என்னன்னு எழுதுவ? ஆயுத பூஜை கொண்டாடினதால ரோடு உடைஞ்சு மூணு பேரு செத்தாங்கன்னா? நாளைக்கே கொடியைப் புடிச்சிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பானுவ, பூஜையைக் குறை சொன்ன கூடம்னு. இல்லன்னா உலகமே கைகொட்டிச் சிரிக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப நீ ஓட்டினது நாலு வருஷம் கெடந்து காஞ்ச கட்டை. அது செல்லாது. இந்தக் கோட்டைச் சாயம் ஒழுகினதும்பாங்க. புதுக் கட்டை இல்லாம நீ ஒண்ணும் நிரூபிக்க முடியாது வடிவு. அந்த டிரைவருக்கு நான் வேணா நல்ல வக்கீலாப் பாத்துச் சொல்லுதேன். ரிடையர் ஆகிற வயசுல உனக்கு ஏன் இந்த வம்பு?"

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. புதுக் கட்டை வேண்டும். மற்றதெல்லாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? இரண்டு வாரம் சோறு இறங்காமல், ஜெயிலுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலையும் பேச்சித்தாயின் போனை எடுக்கக் கூசிக்கொண்டு கிடந்தாள்.

அப்புறம் புதுக் கட்டை தானாக வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை நவபாதை கம்பெனியின் வேன் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, விவேக் என்ற இளைஞன் இறங்கினான். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. பதினோராம் சாலைக்கான கட்டைகள், இன்றைக்கே தொடங்கிவிட வேண்டும், அவசரம் என்றான். கடவுளுக்குக் கண் இருக்கிறது என்று வடிவு நினைத்தாள். மூன்று மெஷினிலும் பூட்டி, சரியாகப் பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். பிறகு இருவருக்குப் போன் செய்தாள். ஒன்று பேச்சித்தாய்க்கு. இன்னொன்று விபத்தை விசாரிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி சவரிமுத்துவுக்கு.

"விஜயதசமி காலையில பத்து மணிக்கு வாங்க ஐயா. ஒரு கட்டை உடையுறதை உங்க கண்ணால பாக்கணும்."

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை குவித்து, ஊழியர் குடும்பமெல்லாம் கூடியிருந்தது. எல்லா மெஷினும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து அமைதியாக நின்றன. ஓரத்தில் மூன்று மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. திரையில் எட்டரை லட்சம் தாண்டியிருந்தது. நல்லபெருமாள் சூடத் தட்டோடு வந்து நின்றார்.

"வடிவு, நிறுத்து. நேரமாச்சு."

"இந்த மூணுக்கும் இந்த வருஷம் பூஜை இல்ல சார்."

கூட்டம் சலசலத்தது. ஸ்டோர்கீப்பரின் மனைவி, "சாமி குத்தம் ஆயிரும்கா" என்றாள்.

"மூணு பொம்பளைய செத்தது யாரு குத்தம்?" வடிவு திரும்பி அவளைக் கேட்டாள். "பதினெட்டு வருஷம் இந்தக் கையாலதான் எல்லா மெஷினுக்கும் பொட்டு வச்சேன். எனக்கும் சாமி உண்டு. சாமி கேட்டது ஒரு நாள் ஓய்வுதான். அந்த ஓய்வை மறைச்சுப் பொய் எழுதச் சொல்லி சாமி கேக்கல."

நல்லபெருமாள் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு சுவிட்சை நோக்கி வந்தார். வடிவு சுவிட்சுப் பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அவள் உயரம் ஐந்தடிகூட இல்லை.

"இடைவிடாத சோதனைன்னு படிவத்துல எழுதி, நகலை நீதிபதி ஐயாவுக்கு அனுப்பிட்டேன். இப்ப நிறுத்தினா நீங்க நிறுத்துனீங்கன்னு எழுதணும். எழுதட்டுமா? கட்டம் நானே போட்டுக்கிடுதேன்."

சூடம் எரிந்து அணைந்தது. அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அன்று வடிவு வீட்டுக்குப் போகவில்லை. மெஷினருகிலேயே பாயை விரித்துக்கொண்டாள்.

விஜயதசமி காலை நீதிபதி சவரிமுத்து வேட்டி சட்டையில் வந்தார். பேச்சித்தாயை இசக்கியப்பனின் சக டிரைவர்கள் மூன்று மினி பஸ்ஸில் கூட்டிவந்திருந்தார்கள். முன்கண்ணாடியில் நேற்று வைத்த சந்தனம், இரு பக்கமும் வாழைக்கன்று. நல்லபெருமாளுக்கு விஜயதசமி வாழ்த்துச் சொல்ல ஸ்வீட் பெட்டியோடு வந்த விவேக்குக்கு இத்தனை கூட்டத்தைப் பார்த்து முகம் வெளுத்தது. நல்லபெருமாளும் வந்து ஓரமாக நின்றார்.

பத்து முப்பத்தொன்பதுக்கு நடு மெஷினில் டப் என்று ஒரு சத்தம். மெஷின் தானாக நின்றது. பதினாலு லட்சத்து ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. சற்று முன்பின்னாக மற்ற இரண்டும் உடைந்தன. நீதிபதி எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். சிவப்புக் கோடு ஓடிய பழைய துண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆக, சான்றுதான் தப்பு. டிரைவர்மேல் குற்றம் நிற்காது" என்றார். பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் வடிவு பக்கம் திரும்பினார். "ஆனா இது வேணும்னு செஞ்சதாத் தெரியலம்மா. பக்தியில நடந்த கவனக்குறைவு. அப்படித்தான் நான் எழுத முடியும். பொறுப்பு உங்க பேருக்குத்தான் வரும்."

"வரட்டும் ஐயா."

"அந்தக் கட்டைகள் வந்த தேதி வேணும். பதிவேடு இருக்கா?"

வடிவு வரவுப் பதிவேட்டை எடுத்து வந்து பக்கம் புரட்டினாள். ஏழாம் சாலை, நாலு வருஷம் முன்பு. வந்த தேதி, ஆயுத பூஜைக்கு முதல் நாள். அவள் கையெழுத்து. தேதியைப் படித்துச் சொன்னாள். மூடப் போனவள் ஏனோ மேலும் புரட்டினாள். நவபாதை, எட்டாம் சாலை. அதற்கடுத்த வருஷம், ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஓரத்தில் பச்சை மையில், அவசரம், இன்றே தொடங்கவும், ந.பெ. ஒன்பதாம் சாலை, ஆயுத பூஜைக்கு முதல் நாள், அவசரம், ந.பெ. பத்தாம் சாலை, முதல் நாள், அவசரம், ந.பெ. நேற்று முன்தினம் பதினோராம் சாலை.

வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். ஆயுத பூஜை எந்தத் தேதியில் விழுந்தாலும் வேன் அதற்கு முந்தின காலை வந்திருக்கிறது. முதல் வருஷம் தற்செயல். அதிலிருந்து அவர்கள் பாடம் படித்திருக்கிறார்கள். கடவுளுக்குக் கண் இருக்கிறது என்று அவள் நினைத்தாளே, கண் வைத்திருந்தது கடவுள் இல்லை.

அவள் பதிவேட்டை நீதிபதியின் முன் திருப்பி வைத்து ஒவ்வொரு வரியிலும் விரலை ஊன்றிக் காட்டினாள். "கவனக்குறைவுன்னு எழுதப்போறீங்களா ஐயா? முதல் வரிக்கு எழுதுங்க. அது நான் செஞ்சது. மத்த நாலுக்கு என்ன எழுதுவீங்க?"

நீதிபதி விவேக்கைப் பார்த்து, "ஏம்ப்பா, எதுக்கு இந்த நாளாப் பாத்துக் கொண்டுவர்றீங்க?" என்றார்.

"தெரியாது சார். இந்த நாள்தான் கொண்டுபோகணும்னு மேல சொல்லுவாங்க. நல்ல நாளுன்னு..."

"நல்ல நாளா?" வடிவு ஸ்வீட் பெட்டியைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். லட்டு உருண்டோடியது. நல்லபெருமாள் பக்கம் திரும்பினாள். "என் சாமியை வச்சு, என் கையை வச்சு என்னையே பொய் சொல்ல வச்சிருக்கானுவ! மூணு உயிரு சார்! உங்களை நான் சார் சார்னு கூப்பிட்டேனே!" நல்லபெருமாள் கதவைப் பார்த்தார். கதவில் மினி பஸ் டிரைவர்கள் நின்றார்கள்.

நீதிபதி பதிவேட்டைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போனில் சாலைகளின் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார். எட்டாம் சாலை, துறைமுகத்துக் கன்டெய்னர்கள் போகிற சாலை, பதிமூன்று லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சக்கரம் ஏறுகிற ரோடு.

"ரெண்டு நாள்தான் இருக்கு. இப்பவே மூடச் சொல்லுங்க ஐயா" என்றாள் வடிவு.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. கலெக்டர் உத்தரவு போடணும். இன்னிக்கு விடுமுறை, நாளைக்கும் நாளைக்கழிச்சும் வார விடுமுறை. ஆபீஸ்ல ஆள் இருக்காது. போன்ல பேசிப் பாக்கிறேன். உங்க வீட்டுக்காரர் விடுதலைக்கும் திங்கட்கிழமை கோர்ட்டு திறக்கணும்" என்று பேச்சித்தாயிடம் திரும்பிச் சொன்னார்.

பேச்சித்தாய் அவரை உற்றுப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் லீவு இருக்கு. மெஷினுக்கு லீவு, ஆபீசுக்கு லீவு, கோர்ட்டுக்கு லீவு. அந்த ரோட்டுக்கு மட்டும் லீவு கெடையாதா?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே போனாள். வாசலில் டிரைவர்களோடு அவள் பேசுவது கேட்டது. ஒருவன், "மறிச்சா உள்ள போடுவாங்கக்கா" என்றான். "ஒடைஞ்சா மட்டும் விட்ருவாங்களோ?" என்றாள் அவள். மினி பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எட்டாம் சாலையின் வாய் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான். மறுமுனையையும் மறிக்கப் போகிற வழியிலேயே ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

நீதிபதி கலெக்டரின் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. வடிவு தன் போனில் எட்டாம் சாலையின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 13,96,407. 13,96,408. நிமிஷத்துக்கு ஒன்றிரண்டாக ஏறிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் வேகம் குறைந்தது. 13,96,451. 13,96,452.

அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். எண் மாறவில்லை. போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக அந்த ரோடு ஓய்வெடுத்தது.

வடிவு புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். வெப்பம், ஈரப்பதம் கட்டங்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டாள். அதற்குள் நேரத்தையும், மூன்று மினி பஸ்களின் நம்பர்களையும், யார் சொல்லி நிறுத்தியது என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினாள்.